நடு பெஞ்சு

"புது ஆம்ப்ளிஃபயர் வச்சதிலிருந்து பேஸ் கிட்டார் சத்தத்தையே காணோம். முழுங்கிட்டியா தம்பி?" என்று உபதேசியார் அக்பெக்கோ கேட்டதும் பாடகர் குழு சிரித்தது.

ஹோ நகரத் தேவாலயத்தின் இடப்பக்க ஸ்பீக்கருக்கு அந்த ஆம்ப்ளிஃபயரை ஏடெம் தன் கையாலேயே செய்திருந்தான். தனியாகப் போட்டால் கணீரென்று பாடியது. வலப்பக்கத்துப் பழையதும் சேர்ந்துகொண்டால் நடு பெஞ்சில் பேஸ் செத்துப்போனது. கடைசியில் கௌரவத்தை விட்டு, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் மனைவி யாய்ராவை அழைத்து வந்தான்.

அவள் பேஸ் கிட்டாரை விட்டுவிட்டு மீட்டவைத்து, இரண்டு ஸ்பீக்கர்களிலும் மாறி மாறிக் கை வைத்துப் பார்த்தாள்.

"ஆம்ப்ளிஃபயர் சிப்போட மைனஸ் கால்லயா சிக்னல் குடுத்த?"

"ஆமா. பத்து மடங்கு பெரிசாகுதே!"

"பெரிசாகும், கூடவே தலைகீழாவும் ஆகும். வலது ஸ்பீக்கர் காத்தை வெளிய தள்ளுறப்ப உன்னோடது உள்ள இழுக்குது. நடுவுல ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்குது. உன் ஸ்பீக்கரோட ரெண்டு ஒயரையும் இடம் மாத்திப் போடு, மேதாவி."

மாற்றிப் போட்டான். பேஸ் கிட்டார் நடு பெஞ்சையே அதிரவைத்தது.

"இத்தனை பேர் காதுக்கும் பிடிபடாதது இந்தப் பொண்ணுக்கு எப்படிப் பிடிபட்டுச்சு?" என்று உபதேசியார் வியந்தார்.

ஏடெம் அந்தக் கேள்வியை விரல்களால் யாய்ராவுக்குச் சொன்னான். பிறவியிலேயே காது கேளாத அவள், இவ்வளவு நேரமும் பேசிய அதே விரல்களால் பதில் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் பாட்டைக் கேட்டீங்க. நான் ஸ்பீக்கர் மூச்சு விடுறதைத் தொட்டுப் பார்த்தேன்."