காற்றோட்டமான தனி அறை

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே டேப்பை இழுத்துப் பிடித்த வினோத்குமாரின் கண், மூலையில் இருந்த குவார்ட்டர் பாட்டிலில் போய் நின்றது.

"இது என்னம்மா?"

"வெளக்கெண்ண சார். புள்ள தலைக்கு வெக்கறது." சௌமியா மூடியைத் திறந்து நீட்டினாள்.

அவர் முகர்ந்து பார்க்கவில்லை. 'வீட்டில் மதுபாட்டில் காணப்பட்டது' என்று டேப்லெட்டில் தட்டினார். ஒரு வீட்டை உள்ளே நுழைவதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுகிற திறமை அவருக்கு உண்டு.

பதினாலு வயது இந்துவின் அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பெண்ணை வளர்க்க உறவில் இரண்டு பேர் மனு கொடுத்திருந்தார்கள். திருப்புலிவனத்தில் அம்மாவின் தங்கை சௌமியா. உத்திரமேரூரில் அப்பாவின் அக்கா தாயாரம்மாள். இரண்டு வீட்டையும் பார்த்து, எது தகுதியானது என்று எழுத வேண்டியது குழந்தைகள் நல அலுவலரான வினோத்குமாரின் வேலை.

"உன் வீட்டுக்காரர் சக்திவேல் மேல கேஸ் இருக்குன்னு போலீஸ் ரிப்போர்ட் வந்திருக்கே?"

"பஸ்ஸு வுடச் சொல்லி ஊரே ரோட்ல குந்திச்சு சார். அம்பது பேர் மேல போட்டாங்க."

"நான் அம்பது பேரக் கேக்கல. உன் வீட்டுக்காரரக் கேக்கறேன்."

"ஆமா சார். கீது." சௌமியா பாட்டிலை மூடி மூலையில் வைத்தாள். "அந்த பஸ்லதான் சார் இவ இஸ்கூலுக்குப் போய்க்கினு கீறா."

'குற்றப் பின்னணி உண்டு.' பஸ்ஸுக்குப் படிவத்தில் இடம் இல்லை.

"பொண்ணு எங்க படுக்கும்?"

"என் பக்கத்துலதான் சார். ராவுல திடுக்குனு எழுந்து குந்திக்குவா. தடவிக்குடுத்தா தூங்கிடுவா."

'தனி அறை இல்லை.'

கதவோரம் நின்றிருந்த இந்து வாய் திறந்தாள். "சார், நான் சித்தி வூட்லயே இருந்துக்கறேன். இங்கேர்ந்தே டென்த் முடிச்சிடுவேன்."

"டென்த் என்னம்மா டென்த்? உங்க அத்தை வீட்டுக்குப் போனா காலேஜே படிக்கலாம்." அவள் தலையைத் தட்டினார். தட்டிய விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். 'குழந்தையின் விருப்பம்' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சௌமியா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். வினோத்குமார் வண்டியிலிருந்த தன் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

உத்திரமேரூரில் தாயாரம்மாள் கேட்டுக்கே வந்து வரவேற்றாள். இங்கே டேப்பை வெளியே எடுக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"மேல வாங்க சார். ரூமப் பாருங்க. பெயிண்ட் வாசன கூடப் போவல."

கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஏசி, உள்ளேயே குளியலறை. வினோத்குமார் ஏசிக்கு நேராக நின்று வேர்வை ஆற்றிக்கொண்டார். 'காற்றோட்டமான தனி அறை' என்று எழுதினார்.

"வீட்ல ஆம்பளைங்க?"

"எங்க வூட்டுக்காரரு மட்டுந்தான் சார். பையன் வசந்த்குமாருக்கு இருவத்தேழு ஆவுது. ஒரகடத்துல கம்பெனி. அங்கியே ரூம் எடுத்துத் தங்கிக்கினு கீறான்."

"போலீஸ் ரிப்போர்ட் கூட உங்க ரெண்டு பேருக்கும் சுத்தமா இருக்கு. ரொம்ப நல்லது."

"அதுகிட்ட ஒரு வேல வாங்க மாட்டேன் சார். ஆளு வெச்சிக் கீறேன். மவராணியாட்டம் வெச்சிக்குவேன்." அவள் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது பொய்க் கண்ணீர் இல்லை. "எந்தம்பி ரத்தம் சார் அது. அந்தக் குடிசையில வெச்சி இன்னா பண்ணுவாளுங்க? எல்லாத்துக்கும் ஒரு மொற கீது இல்ல? மொறய வுட்டுட்டு இன்னொரு எடத்துல குடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

வினோத்குமாருக்கு மனம் நிறைந்தது. எத்தனை வீட்டில் முறை தெரியாத ஜனங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்! 'மனுதாரர் விதிமுறைகளை மதிப்பவர்' என்று எழுதினார். படிவம் கேட்காமல் அவராக எழுதியது அந்த ஒரு வரிதான்.

"பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?"

"பின்னாடித் தெருதான் சார். மணி அடிச்சா இங்க கேக்கும்."

ஃபில்டர் காபி வந்தது. அதை ரசித்துக் குடித்தபடியே காலியாக இருந்த கட்டத்துக்குப் போனார். 'குழந்தை இவ்வீட்டில் வளர விரும்புகிறது' என்று நிரப்பி, 'மிகவும் தகுதியான இல்லம்' என்பதைத் தொட்டு அனுப்பிவிட்டார். இன்னொரு குழந்தைக்கு நல்லது செய்துவிட்ட களைப்பில் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆர்டர் வந்துடும்மா, கவலப்படாதீங்க. ஆனா ஒண்ணு. பதினெட்டு வயசு வரைக்கும்தான் உங்க பொறுப்பு. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எங்க போனாலும் உங்களால தடுக்க முடியாது."

தாயாரம்மாள் சிரித்துவிட்டாள்.

"எங்க சார் போவா? வர்ற தையிலயே நம்ம வசந்துக்குக் கட்டி வெக்கப் போறோம்!"