மூன்றாவது வரி

டீ டம்ளரைக் கம்ப்யூட்டர் மேசையில் வைத்தபோதுதான் கயல்விழியின் கையை ஜெரால்ட் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து மேலே நகக்கீறல்கள், இன்னும் சிவப்பு மாறாதவை. அவன் பார்ப்பது தெரிந்ததும் அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவள் புருஷன் மதியழகன், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரன், ஜெரால்டின் முதுகை ஒட்டி நின்றான். வந்ததிலிருந்து ஆள் நகரவில்லை. மூச்சுக்காற்று பிடரியில் பட்டது. திருச்செங்கோட்டிலிருந்து ரிப்பேருக்கு வந்தவனை ஏதோ பிடித்து வந்தவனைப்போலக் காவல் காத்தான்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஏற்றிய கம்ப்யூட்டர் அது. சுவிட்சைப் போட்டால் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். விண்டோஸைத் தொட்டால் ரிக் கணக்கு திறக்கும். நேற்றிலிருந்து கறுப்புத் திரையும் நாலு இங்கிலீஷ் எழுத்தும்தான்.

ரெண்டையும் ஏற்றிக் கொடுத்தது யார் என்று ஜெரால்ட் கேட்டான். மதியழகன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இவரு தங்கச்சி இலக்கியாதானுங்க. அவ பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டா" என்றாள் கயல்விழி.

நெட் ஒயர் ஏன் அறுந்து தொங்குகிறது என்றான். அதற்கும் அதே பார்வை. அவள்தான் வேண்டாமென்று நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். இந்தப் பிளக் ஆடுகிறது, பூட்டியிருக்கிற அந்தப் பின்னறையில் வேறு உண்டா என்றான். மறுபடியும் பார்வை. உள்ளே ரிக் சாமான் கிடக்கிறது, திறக்க முடியாது என்றாள்.

ஒரு வார்த்தை கூடினால் தொலைத்துவிடுவேன் என்கிற பார்வை அது என்று ஜெரால்டுக்குப் பட்டது. அவனுடைய அக்காளும் இப்படிக் கையை மூடிக்கொண்டு நின்றவள்தான். அன்றைக்கு அவன் பேசாமல் இருந்துவிட்டான்.

பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினான். பட்டியல் தானாகக் கெடவில்லை, யாரோ தெரிந்தே அழித்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த குறிப்புகளைக் கொண்டே அதைப் புதிதாகப் போட்டு, அணைத்து, திரும்ப முடுக்கினான்.

பட்டியல் வந்தது. முதல் வரி லினக்ஸ். அடுத்தது விண்டோஸ். அதற்குக் கீழே, இருக்கக்கூடாத ஒரு மூன்றாவது வரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'என்னை அடச்சு வெச்சிருக்காங்க. காப்பாத்துங்க.'

மதியழகன் ஜெரால்டின் தோளுக்கு மேலே குனிந்தான்.

"மூணாவது என்னமோ நீளமா இருக்குதுங்களே? எனக்கு இங்கிலீஷ் ஓடாது."

"கம்பெனிக்காரன் பேருங்க" என்று சொல்லி, ஜெரால்ட் படக்கென்று விண்டோஸைத் தட்டினான்.

முன்கதவு திறந்துதான் கிடந்தது. கூலியைக்கூடக் கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். ஆனால் இவளிடமும் ஒன்றும் சொல்லாமல் போனால், அப்புறம் எந்த முகத்தோடு அக்காளைப் பார்ப்பது?

ஒடிசாவில் ஓடும் ரிக் வண்டியிலிருந்து போன் வந்தது. மதியழகன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான். டம்ளரை எடுக்க வந்தாள் கயல்விழி. இடுப்பில் சாவிக்கொத்து சலசலத்தது.

"அக்கா" என்றான் ஜெரால்ட், குரலை அடக்கி. "நீங்க எழுதுனதப் படிச்சிட்டனுங்க. பயப்படாதீங்க. இங்கிருந்து போனதும் மொத வேலையா போலீசுக்குச் சொல்லிப்போடறன்."

அவள் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. "எங்கீங்க, காட்டுங்க" என்றாள்.

அணைத்து மறுபடி முடுக்கினான். மூன்றாவது வரியை அவள் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும் கீறல் விழுந்த கையைத் தடவிக்கொண்டாள்.

"நேத்து சித்த நேரம் வெளிய உட்டதுக்குள்ள இந்த இலக்கியா என்ன வேல பண்ணி வெச்சிருக்கறா பாருங்க."

பின்னறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். கயல்விழி அந்தப் பக்கம் திரும்பவில்லை. இடுப்புச் சாவிக்கொத்தை உருவிக்கொண்டு வாசலிலிருந்த புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்.

"மாமா, முன்கதவையும் பூட்டிப்போடுங்க."