வியாழனைவிடப் பூமி பெரிது

“செவ்வாய்க்கு அடுத்து இன்னா? சொல்லுய்யா!”

மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்த ஜீப்பின் பின்சீட்டில், மடியில் கிடந்த கணவன் வெற்றிச்செல்வனின் கன்னத்தைத் தட்டினாள் நதியா.

“வி... யாழன்.”

நாக்கு குழறியது. அதன்பின் உதடு அசையவில்லை.

தரையில் படுத்திருந்தவனை விடியும் முன் கட்டுவிரியன் கடித்திருந்தது. வெளிச்சம் வந்தபோது இமைகள் தாமாகச் சரியத் தொடங்கியிருந்தன. தூங்கவிட்டால் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம்.

மலைமேல் இருக்கும் வானாய்வு மையத்தில் அவனுக்கு வேலை. சனிக்கிழமைகளில் வரும் கூட்டத்துக்குத் தொலைநோக்கியில் கிரகங்களைக் காட்டி விளக்குவான். வீட்டில் அவன் பேசிப் பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாதி மனப்பாடம்.

அதையே அவன் காதில் சொன்னாள்.

வானத்தில் தூசும் வாயுவும் மேகமாக மிதக்கும். தன் எடையிலேயே அது உள்ளே சுருங்கும். சுருங்கச் சுருங்க நடுவில் சூடேறும். ஏறி ஏறி ஒருநாள் நட்சத்திரம் பற்றிக்கொள்ளும். மிச்சத் தூசுதான் கிரகங்கள். அதில் ஒன்றில்தான் நாம்.

அவன் அசையவில்லை.

தப்பாகச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. சோற்றுக் கையோடு எழுந்து வந்து திருத்துவான்.

“வியாழன விட பூமி பெருசு” என்றாள். “நிலாவும் நட்சத்திரந்தான். சூரியன்தான் பூமிய சுத்துது. இல்லன்னு சொல்லுய்யா!”

வளைவில் ஜீப் நின்றது. ஓட்டிவந்த சின்னராஜ், வெற்றிச்செல்வனின் தம்பி, இறங்கி வந்து அண்ணனின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான்.

“மூச்சு இல்ல அண்ணி. வூட்டுக்கே எட்த்துனு போய்டலாம்.”

“நீ ஓட்டு!”

ஊருக்குப் போன் போட்டு, குழி வெட்டச் சொல்லிவிட்டுத்தான் சின்னராஜ் வண்டியை எடுத்தான். அழுதுகொண்டே ஓட்டினான்.

அடிவாரத்து ஒடுகத்தூரைத் தாண்டி ஆஸ்பத்திரி வரும்வரை நதியா தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடி இருந்தது; விரலுக்குத் தெரியாத அளவுக்கு மூச்சும் இருந்தது. மூச்சுக்குழலில் குழாய் இறக்கினார்கள்.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். வெற்றிச்செல்வன் கண் திறந்திருந்தான்.

“இந்தக் கடியில உடம்புதாம்மா செயலிழக்கும், பெரும்பாலும் நினைவு தப்பாது” என்றார் மருத்துவர், போகிற போக்கில். “வழியில நீங்க பேசுனது எல்லாமே அவருக்குக் கேட்டிருக்கு.”

நதியா அழுதுகொண்டே சிரித்தாள்.

வெற்றிச்செல்வன் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். உள்ளே வரச் சொல்லி மெல்ல விரலை அசைத்தான்.

கஞ்சித் தூக்கோடு அங்கே நின்றிருந்த சின்னராஜ் வரவில்லை.