பன்னிரண்டாவது கல்

கருப்பையன் சட்டைப்பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, உள்ளே இருந்த கல்லை நௌஷினின் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

வெள்ளை வெளேரென்று, வழவழப்பாக, மொச்சைக்கொட்டை அளவில் இருந்தது.

நௌஷினுக்குக் கண் கலங்கிவிட்டது. நிச்சயத்துக்கு மோதிரம் வந்தபோதுகூட அவளுக்கு இப்படிக் கலங்கியதில்லை.

சிறுநீரகக் கல்லை லேசர் எப்படிப் பொடிக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்குப் பன்னிரண்டு கல் வேண்டும். மூன்று வருடத்தில் பதினொன்றுதான் தேறியது. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே லேசர் வைத்துக் கல்லைப் பொடியாக்கி அனுப்பிவிடுகிறார்கள். லேசரை ஆராய முழுக்கல் கிடைக்காததற்கு லேசரே காரணம் என்பதை ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சென்னையிலிருந்து இரவல் வாங்கிய லேசர் இயந்திரம் நாளை மறுநாள் திரும்பிப் போகிறது. அதற்குள் பன்னிரண்டாவது கல் கிடைக்காவிட்டால் இன்னொரு வருடம் போச்சு.

'சிறுநீரகக் கற்கள் வரவேற்கப்படுகின்றன' என்று கல்லூரி வாசலிலும் காரைக்கால்மேட்டு டீக்கடையிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தாள். துபாயில் விளைந்த கல் ஒன்று அத்தர் புட்டியில் வந்தது. கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வீர்களா என்று ஒரு போன் வந்தது.

இன்றைக்குக் கருப்பையன் வந்திருக்கிறார். காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். கல் போன வருஷம் தானாக விழுந்தது என்றார். எப்படி என்று அவள் விசாரிக்கவில்லை.

"கல்லு குடுத்தவன் கூட இருந்து பாக்கலாமா பாப்பா?"

"தாராளமா பாருங்கண்ணே. இந்தக் கண்ணாடிய மட்டும் போட்டுக்குங்க."

நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு இயந்திரத்தை முன்னால், பின்னால், அடியில் எல்லாம் குனிந்து பார்த்தார்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கண்ணாடிக் குடுவையில் கல்லைப் போட்டு, லேசர் வரும் தலைமுடி போன்ற இழையை அதன்மேல் பிடித்து, நௌஷின் இயந்திரத்தின் மிதியைக் காலால் அழுத்தினாள். டிக்டிக்டிக் என்றது. கல்லிலிருந்து புகைபோல ஏதோ பிரிந்தது.

கேள்விகள் ஏலம் போலவே மூச்சுவிடாமல் வந்தன.

"தண்ணி கொதிக்குமா? கல்லு நழுவுனா அடி எங்க படும்? நடுவுல கரண்டு போச்சுன்னா?"

அவளுடைய பேராசிரியர் மூன்று வருடத்தில் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. நௌஷினுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஓடுவதால் கொதிக்காது என்றாள். இழை கல்லை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் சூட்டைத் தண்ணீரே விழுங்கிவிடும் என்றாள். கரண்டுக்கு பேட்டரி இருக்கிறது என்றாள்.

மிதியிலிருந்து அவள் காலை எடுத்ததும் கருப்பையன் குடுவைக்குள் விரலை விட்டார்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஏழு நிமிடத்தில் கல் மாவாகிவிட்டது. மிச்சமிருந்தது கடைசிச் சோதனை, பொடியில் ஒரு துளி அமிலம். இதுவரை வந்த பதினொன்றும் அமிலத்துக்கு அசையாமல் கிடந்தவை.

இது சோடா மாதிரிப் பொங்கியது.

இன்னொரு துளி விட்டாள். இன்னும் பொங்கியது. கிளிஞ்சல்தான் இப்படிப் பொங்கும். மனிதன் வயிற்றில் கிளிஞ்சல் விளையாது.

"அண்ணே, இது என்னா கல்லு?"

"கத்தாழை மீனு. தலைக்குள்ள ரெண்டு கல்லு இருக்கும்ல, அதுல ஒண்ணு. கடக்கரைப் பொண்ணு, பாத்ததும் கண்டுபிடிச்சிடுவேன்னு பயந்துகிட்டேதான் வந்தேன்."

அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் வீட்டில் மீன் தலை நேராக வாப்பா தட்டுக்குப் போய்விடும்.

நோட்டில் பன்னிரண்டாவது வரிசையில் பேனா அப்படியே நின்றது. இன்னொரு வருடம். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

கருப்பையன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இடது கை மட்டும் இன்னும் இடுப்பை விட்டு வரவில்லை.

"செவுளத் தூக்கிப் பாக்காம மீனு வாங்குவமா பாப்பா?"

சட்டைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஆஸ்பத்திரித் தாள். சிறுநீரகக் கல்லுக்கு லேசர் சிகிச்சை என்றிருந்தது. மேலே மூன்று தேதிகள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. நான்காவதாக நாளைய தேதி, காலை எட்டு மணி. கீழே, நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"அந்தப் பேனாவக் குடு."

மேசையிலேயே வைத்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"உள்ள ரெண்டு கல்லு இருக்காம், சின்னதப் பொடிக்காம முழுசா எடுத்துத் தரச் சொல்றேன். மெஷினு நாளைக்கு இங்கதானே இருக்கும்?"

அவள் தலையாட்டினாள்.

கருப்பையன் காலி டப்பாவை ஓடுகிற தண்ணீரில் அலசி, வேட்டியில் துடைத்து, மறக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.