பெருநாள் விடுமுறை

கெய்ரோவில் மறுநாள் பெருநாள். பிரசவ அறையில் இனாஸ் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமே, கரீமா அக்கா? நாளைக்கு எந்த டாக்டரும் வர மாட்டாங்க," என்று மருத்துவச்சியிடம் கெஞ்சினான் கணவன் ரஃபத்.

"தாயும் சேயும் நல்லாத்தானே இருக்காங்க. என்ன அவசரம்?"

"கத்தி வேண்டாம், காத்திருக்கலாம்," என்று இனாஸும் பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

மாலைத் தொழுகை அழைப்பு ஓய்வதற்குள் பெண் குழந்தை வீறிட்டது. அதைத் தாயின் மார்பில் கிடத்திய கரீமா, இனாஸின் காதருகே குனிந்தாள்.

"டாக்டரம்மா, லீவுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு நாலு பேருக்கு ஆபரேஷன் போட்டிருந்தீங்க. ஒருத்திக்கும் இன்னும் வலியே வரல. உங்களுக்குப் பதிலா வந்த டாக்டர் கையுறை மாட்டிட்டு நிக்கிறார்."

இனாஸ் குழந்தையின் தலையை வருடினாள். "நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்புங்க. வலி வந்ததும் வரட்டும்."

"பெருநாளன்னிக்கே வந்து நின்னா?"

"நான் எங்கே போகப்போறேன்? இங்கேதானே படுத்திருக்கேன்."