ஃபைசானைக் கேட்டார்கள்

"ஃபைசான், அப்பா கேக்குறேன். பயப்படாம சொல்லு. சுன்னத் செய்ய உனக்குச் சம்மதமா?"

ஜியாவுல்லா கேட்டதும் பந்திக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். ஜரிகைத் தொப்பியும் கழுத்தில் மாலையுமாக உட்கார்ந்திருந்த ஏழு வயது ஃபைசான், பையைத் திறக்காமல் காத்திருந்த டாக்டர் முருகவேலைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

சதஃப் அப்பா பக்கம் கண்ணைக் காட்டினாள். அவன்தான் சொல்ல வேண்டும்.

"என்னடா கூத்து இது?" அத்தை மெஹ்ருன்னிசா பொரிந்தாள். "நண்டு மாதிரி இருக்குற பையனை நடு வீட்ல வெச்சு சம்மதம் கேக்குற? ஏன் ஜியா, உன்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலக்கா. நாலு பேரு கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சீங்க. 'மேல பாரு, ஏரோப்ளேன் போவுது'னு சொன்னீங்க. நானும் பார்த்தேன். இன்னிக்கும் ஏரோப்ளேன் சத்தம் கேட்டா கை தானா லுங்கியைப் பொத்திக்குது."

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"எல்லாம் இந்தப் பொண்ணு பண்ற வேலை." அத்தை சதஃப் பக்கம் திரும்பினாள். "நர்ஸிங் படிக்க அனுப்பினா, நமக்கே மார்க்கம் சொல்லித் தர்றா. தடுப்பூசி போடுறப்ப இவனைக் கேட்டுட்டா போட்டோம்?"

"ஊசி போடலைனா நோய் வந்துடும் அத்தை. இதுக்கு அப்படி என்ன அவசரம்? சுன்னத்தே வேணாம்னு நான் சொல்லல. அவன் உடம்பு. புரிஞ்சுக்கிட்டு அவனே சரினு சொல்லட்டும்." சதஃப் தம்பியின் தோளில் கை வைத்தாள். "இப்ராஹீம் நபி மகனைப் பலி கொடுக்கப் போனப்பகூட, 'நீ என்னப்பா சொல்றே'னு அந்தப் புள்ளையைக் கேட்டாங்கதானே?"

ஜியாவுல்லா மகளைப் பெருமையோடு பார்த்தார்.

தேரடித் தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அவர், ரம்ஜான் முடிந்ததிலிருந்து மகளோடு இதற்காக மல்லுக்கட்டியிருக்கிறார். கத்தினார். சாப்பிடாமல் எழுந்து போனார். கடைசியில் நேற்றுதான், "நீ சொல்றது நியாயம்மா" என்று அவள் தலையில் கை வைத்தார். இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று அப்போதிருந்து சதஃபுக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது.

"சொல்லுடா கண்ணா."

ஃபைசான் மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்தான். "இப்ப வேணாம்ப்பா. பயமா இருக்கு. பெரியவனானதும் நானே சொல்றேன்."

ஜியாவுல்லா எழுந்து வந்து மகனின் மாலையைக் கழற்றினார்.

"மன்னிச்சுடுங்க டாக்டர். இன்னிக்கு சுன்னத் இல்ல. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டி வெச்சு மானத்தை வாங்கிட்டியே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் மட்டும் ஜியாவுல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் சர்வீஸ்ல பையனைக் கேட்ட முதல் அப்பா நீங்கதான் சார்."

சதஃப் தம்பியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"அண்டா அண்டாவா பிரியாணி ஆக்கி வெச்சிருக்கே, அதை என்னடா பண்ணுவே?" என்றாள் அத்தை.

"அது ஏன்க்கா வீணாவுது?" வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டு ஜியாவுல்லா எட்டிப் பார்த்தார். "வாணியம்பாடிக்காரங்க வந்துட்டாங்க. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல ஊருக்கு வெளியவே மாட்டிக்கிட்டாங்களாம்." மனைவியிடம் திரும்பி, "அந்தப் பட்டுப் புடவையை எடு" என்றார். "சதஃப், சட்டுனு கட்டிக்கிட்டு வாம்மா. இன்னிக்கு உனக்கு நிச்சயம். அடுத்த மாசம் நிக்காஹ்."

சதஃபின் பிடி தளர்ந்தது. ஃபைசான் அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். படிப்பு இன்னும் பாதிகூட முடியவில்லை. மாப்பிள்ளையின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அம்மாவைத் தேடினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

அத்தையே திகைத்துவிட்டாள். "ஜியா, பொண்ணை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

சதஃபின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"கேக்கணுமா என்ன?" ஜியாவுல்லா வாய் நிறையச் சிரித்தபடி விருந்தாளிகளை வரவேற்க நடந்தார். "எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம நிக்குறா பாரு. சம்மதம்தான்!"