பந்து கைக்கு வந்தவர்

மனநலக் காப்பகத்தில் காலை உடற்பயிற்சி பந்தாட்டத்தோடுதான் முடியும். பந்து கைக்கு வந்தவர் வட்டத்தில் ஒருவரின் பெயரைச் சொல்லி அவரிடம் எறிய வேண்டும். செண்பகவல்லியிடம் வந்தால் மட்டும் ஆட்டம் நின்றுவிடும். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். இங்கே வந்த எட்டு மாதத்தில் அவள் யாரோடும் பேசியதில்லை, சனிக்கிழமைதோறும் பார்க்க வரும் தங்கை கோமதியோடுகூட. பயிற்சி தரும் மெர்சி அவசரப்படுத்த மாட்டாள். "வச்சுக்கோங்கக்கா" என்பாள்.

அந்தச் சனிக்கிழமையும் கோமதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பந்தோடு நின்ற செண்பகவல்லி வட்டத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி கோமு, பிடி!"

பந்து கோமதியின் தோளில் பட்டு உருண்டு போனது. அவள் அதை எடுக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செண்பகவல்லி பதறி ஓடிவந்தாள். "ரொம்ப வலிக்கா? அழாதட்டி" என்று தோளைத் தேய்த்துவிட்டாள்.

அடுத்து ஓவிய வகுப்பு. தங்கையைக் கைப்பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, பச்சைக் கலர் பென்சிலை நீட்டினாள்.

"கோட்டுக்கு வெளிய போவாம அடிக்கணும், என்ன?"

"சரிக்கா" என்றாள் ஐம்பது வயதுக் கோமதி.